காவடி நடந்த துணி

கண்காட்சிகளில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி போடுவார்கள்: ஓவியம், அச்சு, துணி, ஒலி, காணொளி எனப் பல ஊடகங்களில் இயங்குபவர். படிக்கிறவர்கள் நான் ஒவ்வொன்றாகத் தேடிப் போனதாக நினைத்துக்கொள்வார்கள். பேட்டி எடுக்கப் போனில் கூப்பிட்ட ஒரு பெண்ணும் அப்படித்தான் கேட்டாள், ஒன்றில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்ததும் அடுத்ததற்குப் போய்விடுவீர்களா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல நேரமில்லை. மகன் அழுதுகொண்டிருந்தான்.

கல்லூரியில் நான் எண்ணெய் வண்ணம் தீட்டியவள். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகும் மாடி அறையில் அதையே தொடர்ந்தேன். கர்ப்பமானதும் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். கரிக்கோலுக்கு மாறினேன். பிள்ளை பிறந்ததும் கரித்தூள் அவன் மூச்சுக்கு ஆகாது என்று எனக்கே தோன்றியது. யாரும் சொல்லவில்லை, நானே அதை நிறுத்தினேன். அப்புறம் ஒரு கை எப்போதும் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த கையால் போனைப் பிடிக்க முடிந்தது, அதனால் காணொளி. அவன் தூங்கும்போது விளக்குப் போட முடியாது, அதனால் ஒலி. மலைக்கோயில் ஒலிபெருக்கி, பக்கத்துத் தெருவில் பின்னுக்கு வரும் பஸ், அவனுடைய இரைப்பு எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்தேன். துணிக்கு வந்ததும் இப்படித்தான். நாள் முழுக்கத் துவைத்துக்கொண்டே இருந்தேன். கையில் எப்போதும் இருந்தது ஈரத் துணிதான்.

மகனுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே இரைப்பு வந்துவிட்டது. வீட்டிலேயே நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிறோம். சளி பிடித்தால் அவன் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தம் இல்லாத இரவுகளிலும் நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

சென்னையிலிருந்து அழைப்பு வந்தபோது அவனுக்கு இரண்டு வயது ஆகவில்லை. அழைத்தவர் கண்காட்சியைத் திட்டமிட்டு அமைக்கிற பெண்மணி, க்யூரேட்டர் என்பார்கள். என்னைக் கல்லூரி நாளிலிருந்தே கவனித்து வருகிறவர். பிரசவத்துக்காக ஒருமுறை அவருடைய கண்காட்சியிலிருந்து விலகியிருந்தேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் இன்னொரு முறை விலகினேன். இந்த முறை அவர் அன்பாகத்தான் சொன்னார்: "முடியலேன்னா இப்பவே சொல்லிடும்மா. நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா இதுக்கு மேல என்னாலயும் ஒனக்காக யார்கிட்டயும் சொல்ல முடியாது." முடியும் என்றேன். இதையும் விட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து வெளுக்காத பருத்தித் துணி வாங்கி வந்தேன், வெட்டாமல் ஒரே நீளமாக. ஒவ்வொரு நாளும் துவைத்த துணிகளில் ஒன்றைச் சலவை நீலத்தில் முக்கி இந்தத் துணிமேல் விரித்து அழுத்தி எடுப்பேன். மகனின் சட்டை, கணவரின் பனியன், என் நைட்டி, தலையணை உறை. எடுத்த பிறகு அதன் நிழல் மாதிரி ஒரு நீலத் தடம் நிற்கும். மகன் மதியம் தூங்கும் நேரத்தில் மட்டும் செய்தேன். மாதக்கணக்கில் செய்தேன். கடைசியில் முழுத் துணிக்கும் அரிசிக் கஞ்சி போட்டு ஒரே வெயிலில் காய வைக்க வேண்டியிருந்தது. மடித்துக் காய வைத்தால் கஞ்சி உடைந்து கோடு விழும். எங்கள் மொட்டை மாடியில் பாதியைத் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. துணி அங்கே கொள்ளாது.

அந்த வாரம் முழுக்க மேகமூட்டம். வெயில் வந்தது ஆடிக் கிருத்திகை அன்று.

கிருத்திகை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முந்தின நாளிலிருந்தே ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. ஆனால் காவடிகள் பெரிய ரோட்டோடு போய்விடும், எங்கள் சந்துக்குள் வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அதனால் காலையிலேயே துணிக்குக் கஞ்சி போட்டு, எங்கள் வாசலுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளைத் தாண்டிச் சந்தின் நடுவே விரித்து, ஓரங்களில் கல் வைத்தேன். காயும்போது நீலம் எப்படி வெளிறுகிறது என்று பதிவு செய்ய மாடிக் கைப்பிடிச் சுவரில் போனைப் பொருத்தி, நேர் கீழே பார்க்கும்படி வைத்து ஓடவிட்டேன். மகனைக் கீழ்வீட்டில் அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அண்ணி என்று நான் கூப்பிடுவது என் கணவரின் அக்காவை. அவர் குடும்பம் கீழே, நாங்கள் மேலே. கே.ஜி.கண்டிகைப் பக்கம் இருக்கும் நிலத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் பாதி நாள் பஸ் பிடித்துப் போய் நாற்றங்காலில் நின்றுவிட்டு வருவார். என் வேலை அவருக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. அதைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது பம்பை மேளச் சத்தம் கேட்டது. பெரிய ரோட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அது நெருங்கியது. ஜன்னல் கம்பி அதிரும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. புடவையைச் சுற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட மாடிப்படி இறங்கினேன்.

சந்து முழுக்க மஞ்சள் துணி கட்டிய ஆட்கள். ரோட்டில் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டதால் கூட்டத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். பூக்காவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக என் துணிமேல் நடந்துகொண்டிருந்தன. தெருப்பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக நின்று அவர்கள் கால்களில் ஊற்றினார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் ஓடி, மிதித்த இடமெல்லாம் பச்சையாகிக்கொண்டிருந்தது. துணியின் நடுவில் என் மகன் மல்லாந்து படுத்திருந்தான். காவடிகள் அவனைத் தாண்டித் தாண்டிப் போயின.

நான் கத்தவில்லை. கத்தினால் யாராவது தடுமாறிவிடுவார்களோ என்று பயந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவன் அழாமல் மேலே போகும் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் காவடி தாண்டியதும் ஓடிப்போய் அவனைத் தூக்கினேன். முதுகெல்லாம் கஞ்சி.

"ஏம்மா, தல தொவட்டாம வந்து நிக்கற?" என்றார் அண்ணி. முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன அண்ணி இது?"

"இன்னான்னா? நீதானே விரிச்சிட்டுப் போன? எங்க தம்பி பொண்டாட்டி நடபாவாட விரிச்சிருக்குது, இப்பிடி வாங்க சாமின்னு நான்தான் கூட்டத்த கூப்ட்டேன்."

சாமியோ காவடியோ வரும் வழியில் கால் வைத்து நடக்கத் துணி விரிப்பதைத்தான் நடைபாவாடை என்பார்கள். அது எனக்கும் தெரியும். அம்மையார்குப்பத்தில் என் அம்மா வீட்டுத் தெருவிலும் விரிப்பார்கள். கிருத்திகை அன்று, சந்தின் நடுவில், நீளமாக ஒரு கோடித் துணியை விரித்து ஓரத்தில் கல்லும் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவளைப் பார்த்து அவர் வேறு என்ன நினைத்திருக்க முடியும்? இதை நான் யோசித்தது பிற்பாடுதான்.

"அது காயப் போட்டது அண்ணி. சென்னைக்குப் போக வேண்டியது."

"காயப் போடறவ மாடியில போடுவா. நடுத்தெருவுலயா போடுவா?"

எதிர்வீட்டு அம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி சமாதானம் சொன்னார்: "உடு, படிச்ச பொண்ணு. பக்தி வந்தாகூட வெளிய சொல்லிக்காது." பெண்கள் சிரித்தார்கள்.

"பிள்ளைய எதுக்குப் படுக்க வச்சீங்க? மிதிச்சிருந்தா?"

"யாரு மிதிக்கறது? நான் இன்னா செத்தா போயிட்டேன்? ராத்திரி பூரா இரைஞ்சிகினு கெடக்கறான். எத்தினி நாளைக்கு அந்த மிஷின மூக்குல வச்சிகினு இருப்ப? காவடி தாண்டினா போயிடும். உன் வூட்டுக்காரனையே இப்பிடித்தான் படுக்க வச்சாங்க. இப்ப பாரு, கடா மாதிரி இருக்கான்." பிறகு மகனின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார். "நைனா, பயந்தியாடா? அவன் பயப்படல. உங்கம்மாதான் பயந்துட்டா."

நான் மாடிக்குப் போய்க் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். மகனுக்காக அழுகிறேனா, துணிக்காகவா என்று தெரியவில்லை. துணிக்காகத்தான் என்று தோன்றிய நிமிடம் அழுகை நின்றுவிட்டது.

போன் மேலே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மறுநாள்தான் அதைப் பார்த்தேன். முதலில் நீலத் துணி மட்டும், அசைவில்லாமல். பிறகு மூலையில் ஒரு மஞ்சள் கால். மேலிருந்து பார்த்தால் காவடி தூக்குபவர்கள் தெரியவில்லை. பூ வட்டங்கள்தான் நகர்கின்றன. ஒரு வட்டம் வந்து மகனை மறைக்கிறது, விலகுகிறது, அவன் அங்கேயே இருக்கிறான். மறுபடி மறைகிறான். ஒருமுறை அவன் கையை நீட்டிப் பூவைப் பிடிக்கப் பார்க்கிறான். அருள் வந்து ஆடிக்கொண்டே வந்த ஒருவரின் கால் தப்பாக விழப்போகிறது. அதற்குள் அண்ணியின் கை குறுக்கே நீண்டு அவன் தலைக்குப் பக்கத்தில் ஊன்றுகிறது. கால் அவர் விரல்கள்மேல் இறங்குகிறது. அவர் கையை எடுக்கவில்லை.

கிருத்திகை அன்று சாயங்காலம் அவர் விரல் வீங்கியிருந்ததற்கு கிரைண்டர் மூடி விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்.

நான் இதுவரை எடுத்ததில் அந்தக் காணொளிதான் சிறந்தது. நான் எடுத்தது என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். அதில் ஒரு சின்னத் துண்டைச் சென்னைக்கு அனுப்பினேன், நடந்ததை விளக்கி, துணி கெட்டுவிட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்டு. க்யூரேட்டர் உடனே கூப்பிட்டார்.

"கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னா? துணிய தொங்க விடுவோம். அதுமேலயே இந்த வீடியோவ ஓட்டுவோம். சுவர் அளவுக்குப் பெருசா. பாத்தவங்க அந்த எடத்த விட்டு நகர மாட்டாங்க."

"பையன் முகம் தெரியாம ஏதாவது..."

"அந்த முகம்தாம்மா எல்லாமே. அத மறைச்சா ஒண்ணுமில்ல."

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. அனுப்பவும் ஆசையாக இருந்தது. குளிரூட்டிய கூடத்தில் யாரோ கையில் காப்பிக் கோப்பையோடு நின்று, கால் விழுமா விழாதா என்று என் மகனைப் பார்ப்பதை நினைத்தால் உடம்பு கூசியது. அப்படியானால் நான் மட்டும் ஏன் அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்? அவனிடம் கேட்க முடியாது. அவனுக்கு இன்னும் பேச்சே சரியாக வரவில்லை.

கணவர் சென்னைக்குத் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவர். இரவு சாப்பிடும்போது கேட்டேன்.

"உன் வேலை, நீயே முடிவு பண்ணு" என்றார்.

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"நான் எத சொன்னாலும் அதுக்கு எதிர்ப்பக்கம் நாலு காரணம் வச்சிருப்ப. நீ முடிவு பண்ணிட்டு சொல்லு, நான் ஆமான்றேன்."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குக் களைப்பாக இருந்தது.

இதற்கிடையில் துணி என் கையில் இல்லை. அண்ணி அதை நிழலில் காய வைத்து, மடித்து, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார். கிருத்திகைக்குப் பிறகு மகனுக்கு இரைப்பு வரவில்லை. டாக்டர் அதற்குச் சில நாள் முன்புதான் மருந்தை மாற்றியிருந்தார். அதை அண்ணியிடம் சொன்னேன்.

"ஆங், மருந்துதான்" என்றார். "இத்தினி நாளா குடுத்தது இன்னா, மோரா?"

நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்தத் துணியை வெளியே அனுப்பி, அன்று இரவே அவனுக்கு இரைக்கத் தொடங்கினால் நான் என்ன ஆவேன் என்று யோசித்தேன். இப்படி யோசிக்கிறேன் என்பதே எனக்கு வெட்கமாக இருந்தது. துணியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியபோது வேறு வழியில்லாமல் போனை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வீடியோவை அவர் பார்த்தால் ஏதாவது ஒரு பக்கம் முடிவாகும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தார்.

"அய்ய, என் ஜாக்கெட்டு தோள்ல கிழிஞ்சிருக்குது பாரு. மேலேர்ந்து எல்லாம் தெரியுது." பிறகு திரையில் விரல் வைத்தார்: "இதோ, இவன்தான் மிதிச்சவன். எரும."

"நீங்க சொல்லவே இல்லியே அண்ணி."

"சொன்னா நீ இன்னும் ஒரு வாரம் தூங்க மாட்ட. எதுக்கு?"

பார்த்து முடித்ததும் அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது. "நல்லா வந்திருக்குது. எனக்கு அனுப்பு. ஸ்டேட்டஸ்ல வைக்கறேன்."

"வேணாம் அண்ணி. பையன் முகம் எல்லாருக்கும் போகும்."

"போனா இன்னா? தெருவே பாத்துச்சி."

"தெரு வேற."

"அப்ப சென்னைக்காரங்களுக்கு மட்டும் காட்டுவ?"

"அவங்களுக்கும் குடுக்கல." சொன்ன பிறகுதான் முடிவெடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. "யாருக்கும் குடுக்கல. நீங்க பாக்கணும்னா எப்ப வேணா என் போன்ல வந்து பாருங்க."

அவருக்குக் கோபம். "என் தம்பி புள்ளய நான் பாக்க உன்கிட்ட வந்து கேட்டுகினு நிக்கணுமா? சரி. உன் வீடியோ உன்கிட்டயே இருக்கட்டும். துணிய கேக்காத."

மேலே வந்து உட்கார்ந்தேன். வீடியோவும் இல்லை, துணியும் இல்லை. க்யூரேட்டரிடம் மூன்றாவது முறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும். வாக்கியத்தைக்கூட மனதில் தயார் செய்துவிட்டேன், முந்தின தடவைகளில் சொன்னதே போதுமானதாக இருந்தது. மகன் என் முதுகில் சாய்ந்து பொம்மை லாரியை என் தோளில் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மூச்சு சத்தமில்லாமல் வந்துபோனது. எழுந்து அவனையும் தூக்கிக்கொண்டு திரும்பக் கீழே போனேன்.

"அண்ணி, அவன் படுத்திருந்த இடத்த மட்டும் வெட்டி உங்களுக்குக் குடுத்துடறேன். மீதிய எடுத்துக்கறேன்."

அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். புடைத்ததைப் பானையில் கொட்டிவிட்டுக் கேட்டார்.

"எந்த எடம்னு எப்பிடி தெரியும்?"

"தெரியுது. அங்க மட்டும் நீலமாவே இருக்கு. மஞ்சத் தண்ணி அவன் அடியில போகல."

துணியைக் கூடத்தில் விரித்தோம். முழுக்கப் பச்சையும் நீலமுமாகக் கால்கள், அவற்றுக்கு அடியில் மங்கலாகச் சட்டைகளும் பனியன்களும். நடுவில் அவன் படுத்த இடம், ஓரம் கலைந்த ஒரு நீலம். நான் கத்தரிக்கோலை அதன் விளிம்பில் வைத்தேன்.

"அவ்ளோதானா? கைய நீட்டினான் இல்ல? கையும் சேத்து வெட்டு."

"கை துணிமேல இல்ல அண்ணி, மேல தூக்கியிருந்தான்."

"அப்ப தல பக்கம் உட்டு வெட்டு. என் கை வச்ச எடம் எனக்கு வேணாவா? அங்கதான் மிதி வாங்கினது."

அவர் கேட்ட அளவுக்கு வெட்டினால் ஓட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும் என்று என் கண் கணக்குப் போட்டது. இடது பக்கம் கொஞ்சம் விட்டால் சரியாக இருக்கும் என்றும் போட்டது. இந்த நேரத்திலும் இதைத்தான் பார்க்கிறேனா என்று கை நின்றது. பிறகு அவர் காட்டிய இடத்திலேயே வெட்டினேன். கஞ்சி மொரமொரவென்று உடைந்தது. மறுபக்கத்தை அவர் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

காணொளி இல்லை என்பதைப் போனில் சொன்னபோது க்யூரேட்டர், "அது இல்லாம இது பாதிதான், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். வருத்தமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. காரணத்தைக் கேட்டார். சரியாகச் சொல்ல வரவில்லை. ஏதோ திக்கித் திணறிச் சொன்னேன். "சரி, அனுப்பு, பாக்கலாம்" என்றார்.

துணியைச் சுருட்டிப் பழைய போர்வையில் கட்டிக் கொடுத்தேன். கணவர் காலை ரயிலில் தோளில் வைத்துக்கொண்டு போனார். ஆபீசுக்குத் தாமதம் என்று முணுமுணுத்தாலும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மதியம் க்யூரேட்டரிடமிருந்து செய்தி வந்தது: கிடைத்தது, விரித்துப் பார்த்தேன், பேசலாம்.

அன்று சாயங்காலம் கணவர் வந்ததும் அதைக் காட்டி, "பேசலாம்னா என்னங்க அர்த்தம்? பிடிச்சிருக்குன்னா, பிடிக்கலன்னா?" என்று கேட்டேன்.

"பேசலாம்னா பேசலாம்தான்" என்றார், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

கீழேயிருந்து அண்ணி கூப்பிட்டார். போனேன். வெட்டிக் கொடுத்த துண்டைப் பாய்மேல் விரித்து மகனை அதன்மேல் தூங்கப் போட்டிருந்தார். அவன் மூத்திரம் போய்விட்டிருந்தான். நீலம் பாய் வரைக்கும் இறங்கியிருந்தது. அண்ணி ஈரத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இத்த தொவைக்கலாமா, கூடாதா?"

தெரியலையே அண்ணி என்றேன்.